யானையும் பிஷப்பும் உங்களிடம், எதிரியிடம் யானை மட்டும்: ஜெயிப்பது எப்படி?

சிப்பாய்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. உங்களிடம் ராஜா, யானை, பிஷப். எதிரியிடம் ராஜா, யானை. ஒரு காய் கூடுதலாக இருக்கிறது, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. செஸ்ஸில் புதிதாகப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில் பத்து இருபது மூவ் சும்மா செக் கொடுத்துப் பார்த்துவிட்டு டிராவுக்குக் கை கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் இந்த முடிவாட்டம் பெரும்பாலும் டிராதான், அது உண்மை. ஆனால் பலகைக்கு எதிரில் உட்கார்ந்து, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பிழையில்லாமல் தடுப்பது ரொம்பக் கஷ்டம். 1996-இல் ஸ்பெயினில் நடந்த டோஸ் எர்மானாஸ் போட்டியில் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவுக்கு எதிராக, கிராண்ட்மாஸ்டரான ஜூடித் பொல்காருக்கே இது நடந்தது. டிரா செய்யக்கூடிய நிலையில் இருந்தவர் தடுமாறித் தோற்றார். பொல்காருக்கே அப்படி என்றால் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தடுமாற வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கான மூவ்களை வரிசையாக மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை. எதிரி ஒரு மூவ் மாற்றி ஆடினால் மனப்பாடம் அங்கேயே நின்றுபோகும். எதிரியின் யானை எந்த வரிசையில் நிற்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மூவ்கள் தானாக வரும்.

ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் நிச்சயம் குழம்பும்.

முதலில் சேர வேண்டிய இடம்

வெள்ளை நீங்கள்: ராஜா டி6, பிஷப் டி5, யானை எஃப்7. கறுப்பு எதிரி: ராஜா டி8, யானை ஈ2. இப்போது உங்கள் முறை.

இதைத்தான் ஃபிலிடோர் நிலை என்கிறார்கள். ஃபிலிடோர் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், ஓபரா இசையமைப்பாளர், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த செஸ் ஆட்டக்காரரும் அவரே. 1749-இல் அவர் காட்டிய வழி இன்றைக்குக் கம்ப்யூட்டர் பார்த்தும் சரியாகவே இருக்கிறது.

காய்கள் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு ராஜாவும் நேருக்கு நேர், நடுவில் ஒரே ஒரு கட்டம். அதனால் எதிரி ராஜாவால் சி7, டி7, ஈ7 எதற்கும் இறங்க முடியாது, கடைசி வரிசையிலேயே அடைபட்டுக் கிடக்கிறது. பிஷப் உங்கள் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் குடை மாதிரி நிற்பதால் டி ஃபைலில், அதாவது டி என்ற செங்குத்து வரிசையில், கீழிருந்து செக் வராது. அந்த இடத்திலிருந்தே பிஷப் ஒரு பக்கம் பி7-ஐயும் இன்னொரு பக்கம் எஃப்7-ஐயும் பார்க்கிறது. அதாவது எதிரி ராஜா பக்கவாட்டில் ஓடினாலும் மூலைவிட்டமாகத் தப்பிக்க வழி இல்லை. உங்கள் யானை கடைசி வரிசையில் செக் கொடுத்தால் அதுவே மேட், எதிரி யானை குறுக்கே வந்து நிற்காத வரைக்கும்.

எதிரி யானைக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான், குறுக்கே நிற்பது. உங்கள் யானை ராஜா பக்கத்தில் இருந்தால் அது ஈ ஃபைலில் இருந்தாக வேண்டும், ஈ8-க்கு ஏறித் தடுக்க. உங்கள் யானை ராணி பக்கம் போனால் அது சி ஃபைலுக்கு ஓட வேண்டும். நீங்கள் பக்கம் மாற்ற மாற்ற அது பின்னாலேயே ஓடிவரும். இந்த ஓட்டத்தில் அதைத் தடுக்கி விழவைப்பதுதான் உங்கள் வேலை.

ஏன் 2-ஆம் வரிசை நல்லது, 1-உம் 3-உம் கெட்டது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று தடவை படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

எதிரி யானை 3-ஆம் வரிசையில், ஈ3-இல், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யானையை டி7-க்குக் கொண்டுபோய் செக் கொடுக்கிறீர்கள். உங்கள் ராஜா காவல் இருப்பதால் அதை வெட்ட முடியாது. எதிரி ராஜா சி8-க்குப் போனால் உங்கள் யானை ஏ7-க்குப் போய் ஏ8-இல் மேட் என்று மிரட்டும். குறுக்கே வர எதிரி யானைக்கு பி ஃபைல் வேண்டும், அதாவது பி3. ஆனால் டி5-இல் நிற்கும் உங்கள் பிஷப் பி3-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வந்தால் வெட்டிவிடும். ராஜா ஈ8 பக்கம் போனாலும் இதே கதைதான். யானை எஃப்3-க்கு வர வேண்டும், அதையும் பிஷப் பார்க்கிறது. ஆக 3-ஆம் வரிசையில் இரண்டு கதவும் பூட்டு.

1-ஆம் வரிசையில் பி1, எஃப்1 இரண்டும் திறந்திருக்கின்றன. அதனால் டி7 செக் அங்கே உதவாது. ஆனால் அங்கே வேறொரு ஓட்டை இருக்கிறது. எதிரி யானை சி1-இல் இருக்கும்போது உங்கள் பிஷப் பி3-க்குப் போனால் டி1 கட்டம் அடைபடும். பிஷப் விலகியதும் எதிரிக்குக் கிடைக்க வேண்டிய டி ஃபைல் செக் கிடைக்காது.

2-ஆம் வரிசையில் இந்த இரண்டு தந்திரமும் பலிக்காது. பி2, எஃப்2 இரண்டும் பிஷப்பின் கண்ணில் இல்லை. பிஷப் பி3-க்குப் போனால் சி2-இல் இருக்கும் யானை டி2-இல் செக் கொடுத்துத் தப்பிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த எதிரி யானையை ஈ2-இல் கொண்டுவந்து வைப்பார்.

அப்புறம் எப்படி ஜெயிப்பது? அவரை அங்கிருந்து எழுப்ப வேண்டும். அதற்கு ஒரே ஒரு சும்மா மூவ் போதும்.

யானை எச்7

எஃப்7-இல் இருந்த யானையை எச்7-க்கு நகர்த்துங்கள். ஜி7 என்றாலும் சரிதான். பார்த்தால் ஒன்றுமே செய்யாத மூவ். இப்போது எதிரியின் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூவாகப் பாருங்கள், இந்த முடிவாட்டத்தின் அழகு அங்கேதான் தெரியும். ராஜா சி8 போனால் எச்8-இல் செக், ஈ8-இல் யானை குறுக்கே வந்தால் அதை வெட்டி மேட். ராஜா ஈ8 போனால் எச்8-இல் உடனே மேட், எஃப்7-ஐப் பிஷப் அடைத்திருக்கிறது. யானை டி2-க்கு வந்து பிஷப்பைப் பின் செய்தால் (நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் என்று கட்டிப்போட்டால்) எச்8-இல் மேட், ஏனென்றால் ஈ8-க்கு வர ஆள் இல்லை. யானை ஈ8-க்கே ஏறி உட்கார்ந்தால் உங்கள் யானை ஏ7, அடுத்தது ஏ8. அதைத் தடுக்க எதிரி ராஜா சி8 போனாலும் ஏ8-இல் மேட்தான். ஈ4-க்குப் போனால் பிஷப் வெட்டும், ஈ5-க்குப் போனால் ராஜா வெட்டும். மிச்சம் இருப்பது ஈ1-உம் ஈ3-உம் மட்டும்.

ஈ3 போனால் மேலே சொன்ன டி7 செக். ஈ1 போவதுதான் கொஞ்சம் நீளும். அதை முழுசாகப் பார்ப்போம்.

1. யானை எச்7, யானை ஈ1.
2. யானை பி7, யானை சி1. நீங்கள் பி8-இல் மேட் மிரட்டினீர்கள், அவர் சி8-ஐக் காக்க ஓடிவந்தார்.
3. பிஷப் பி3!

இந்த மூவில் நின்று நிதானமாகப் பாருங்கள். டி1 செக் இல்லை. சி2, சி4 இரண்டிலும் பிஷப் வெட்டும். ராஜா ஈ8-க்குப் போனால் பி8-இல் செக், சி8-இல் குறுக்கே வரும் யானையை வெட்டி மேட், பி3-இலிருந்தே பிஷப் எஃப்7-ஐப் பார்க்கிறது. எதிரியிடம் நல்ல பதில் என்று இரண்டுதான் இருக்கின்றன, யானை சி3 அல்லது ராஜா சி8.

சி3 என்றால் இப்படிப் போகும்.

3. ... யானை சி3
4. பிஷப் ஈ6, யானை டி3 செக். பிஷப் சி8-ஐக் கைப்பற்றிவிட்டதால் மறுபடி பி8 மிரட்டல். செக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.
5. பிஷப் டி5, யானை சி3.

என்ன நடந்தது பார்த்தீர்களா? பிஷப் போய்விட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, ஆனால் எதிரி யானை இப்போது 3-ஆம் வரிசையில். அவ்வளவு தூரம் சுற்றியது இதற்காகத்தான்.

6. யானை டி7 செக், ராஜா சி8. ஈ8 போனால் யானை ஜி7, எஃப்3-இல் குறுக்கே வந்தால் பிஷப்புக்கு இரை.
7. யானை எச்7, ராஜா பி8. எச்8 மேட்டிலிருந்து தப்ப.
8. யானை பி7 செக், ராஜா சி8. மூலைக்கு, ஏ8-க்குப் போனால் உங்கள் யானை சி7-க்கு விலகும்போதே பிஷப்பின் செக் திறக்கும், சி3 யானையும் விழும்.
9. யானை பி4! பி ஃபைலை விட்டுக்கொடுக்காமல் கீழே இறங்குகிறது. அடுத்து பிஷப் ஈ6 செக், பிறகு பி8-இல் முடிவு என்பது மிரட்டல். எதிரி யானை டி3-க்கு வந்து பிஷப்பைப் பின் செய்தால் உங்கள் யானை ஏ4-க்குப் போகட்டும். பின் ஆகியிருந்தாலும் பிஷப் பி7-ஐக் காப்பதால் ஏ8 மேட் மிரட்டல் நிஜமானது.
9. ... ராஜா டி8
10. பிஷப் சி4! இது எனக்கு மிகவும் பிடித்த மூவ். பிஷப் சி ஃபைலின் நடுவில் போய் நின்று எதிரி யானைக்கும் சி8-க்கும் இடையே சுவர் எழுப்புகிறது. அதே இடத்திலிருந்து டி3-ஐயும் அடைக்கிறது, செக்கும் இல்லை.
10. ... ராஜா சி8. ஈ8 போனால் பி8-இல் உடனே மேட்.
11. பிஷப் ஈ6 செக், ராஜா டி8
12. யானை பி8 செக், யானை சி8
13. சி8-இல் யானையை வெட்டி மேட்.

மூன்றாவது மூவில் அவர் யானையை நகர்த்தாமல் ராஜாவை சி8-க்குக் கொண்டுபோனால்: யானை பி4, ராஜா டி8, யானை எச்4, யானை ஈ1, பிஷப் ஏ4! பிஷப் இப்போது ஈ8-ஐக் கைப்பற்றிவிட்டது, ராஜா டி8-இலேயே நின்றால் எச்8 மேட்டைத் தடுக்க முடியாது. ராஜா மறுபடி சி8-க்கு ஓடும், நீங்கள் பிஷப் சி6, அவர் டி1-இல் செக், பிஷப் டி5, ராஜா பி8, யானை ஏ4. ஏ ஃபைல் உங்கள் யானையிடம், சி8-க்குத் திரும்பினால் ஏ8-இல் மேட், ராஜா பி8-இலேயே மாட்டிக்கொள்ளும்.

உங்களிடம் இருப்பது கறுப்புக் கட்டப் பிஷப்பா? எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஈ ஃபைலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: ராஜா ஈ6, பிஷப் ஈ5, எதிரி ராஜா ஈ8.

அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது

நிஜ ஆட்டத்தில் ஃபிலிடோர் நிலை தானாக வந்து நிற்காது. எதிரி ராஜா பலகையின் நடுவில் இருக்கும். அதை ஓரத்துக்குத் தள்ளுவது பெரிய கஷ்டமில்லை, மூன்று காயும் சேர்ந்து வேலை செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அவசரப்பட்டுச் செக் கொடுக்காதீர்கள். செக் கொடுத்தால் ராஜா நகர்ந்துவிடும், அது எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இருக்காது. அதற்குப் பதிலாக உங்கள் யானையால் ஒரு வரிசையை அடைத்து வையுங்கள், பிஷப்பை உங்கள் ராஜாவுக்கு அருகிலேயே வைத்திருங்கள், அவர் யானை செக் கொடுக்கும்போது குறுக்கே போட அது தயாராக இருக்க வேண்டும். பிஷப் தூரத்தில் எங்கேயோ நின்றால் செக் மேல் செக் வாங்கி உங்கள் ராஜா திரும்ப நடுப்பலகைக்கே வந்துவிடும்.

ஓரத்துக்குத் தள்ளிய பிறகுதான் நிஜமான சண்டை. அங்கே எதிரியிடம் இரண்டு நல்ல தடுப்புகள் உண்டு.

முதலாவது காக்ரேன் தடுப்பு, 19-ஆம் நூற்றாண்டில் ஆடிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன் பெயரில் வழங்குவது. உங்கள் ராஜா ஈ5, பிஷப் ஈ4, எதிரி ராஜா ஈ8, எதிரி யானை ஈ1 என்று வைத்துப் பாருங்கள். பிஷப் பின் ஆகிவிட்டது. உங்கள் ராஜா 6-ஆம் வரிசைக்கு ஏற வேண்டும், ஏறினால் பிஷப்புக்குக் காவல் போய்விடும், யானை வெட்டிவிடும். காவலுக்கு உங்கள் யானையை 4-ஆம் வரிசைக்குக் கொண்டுவந்தால் அது மேலே அடைத்து வைத்திருந்த வரிசை திறந்துவிடும். உங்கள் ராஜா டி5 பக்கம் நகர்ந்தால், விவரம் தெரிந்தவர் தன் ராஜாவை எதிர்ப்பக்கம், எஃப்8-க்கு, நகர்த்துவார். இதைச் சரியாகச் செய்கிறவரை ஜெயிக்க முடியாது. ஆனால் நிறையப் பேர் உங்கள் ராஜா போகும் பக்கமே தங்கள் ராஜாவையும் நகர்த்திவிடுகிறார்கள், அங்கேதான் உங்களுக்கு ஃபிலிடோர் கிடைக்கும். இன்னொன்று, இந்தப் பின் உட்காருவதற்கு முன்பே உங்கள் ராஜா 6-ஆம் வரிசையில் ஏறிவிட்டால் காக்ரேன் தடுப்பே இல்லை. அதனால் ராஜா முதலில் ஏறட்டும், பிஷப் பின்னால் வந்து நிற்கட்டும்.

இரண்டாவது, எதிரி தன் யானையைத் தன் ராஜாவுக்கு ஒரு வரிசை முன்னால், 7-ஆம் வரிசையில் நீளவாக்கில் வைத்துக்கொண்டு, ராஜாவை மூலைப் பக்கம் ஒதுக்குவது. இங்கே உங்களுக்கு ஆபத்து ஸ்டேல்மேட். மூலையில் ராஜாவுக்கு நகர இடமில்லாத நேரத்தில் அவர் யானையை உங்களிடமே தள்ளுவார், ஆசைப்பட்டு வெட்டினால் ஆட்டம் டிரா. எதிரி ராஜா மூலையில் இருக்கும்போது யானையை வெட்டுவதற்கு முன் ஒரு நொடி கையை இழுத்துப் பிடித்து, வெட்டிய பிறகு ராஜாவுக்கு மூவ் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தவரை ராஜாவை நடு ஃபைல்கள் பக்கமே வைத்து நெருக்குங்கள்.

50 மூவ் கணக்கு

காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இரு பக்கமும் 50 மூவ் ஆடிவிட்டால் எதிரி டிரா கேட்கலாம். இங்கே சிப்பாயே இல்லை, அதனால் கடைசிக் காய் விழுந்த மூவிலிருந்து எண்ணிக்கை ஓடுகிறது. ஸ்கோர் ஷீட்டில் அந்த மூவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். இந்த முடிவாட்டத்தில் மிக நீளமான வெற்றிக்கு 59 மூவ் தேவைப்படும் என்று கம்ப்யூட்டர் கணக்கு காட்டுகிறது, அதாவது கோட்பாட்டில் வெற்றி, விதிப்படி டிரா என்று சில நிலைகள் உண்டு. 1980-களில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இது போன்ற முடிவாட்டங்களுக்கு வரம்பை நீட்டியும் பார்த்தது, 1992-இல் மறுபடி எல்லாவற்றுக்கும் 50 என்று ஆக்கிவிட்டது. எதிரி கேட்க மறந்தாலும் 75 மூவ் ஆனதும் நடுவரே டிரா என்று அறிவித்துவிடுவார்.

அதனால் 50 மூவையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பதினைந்துக்குள் எதிரி ராஜா ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். ஃபிலிடோர் நிலை கிடைத்த பிறகு பதினைந்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆக நடுவில் இருபது மூவ் உங்கள் கையில். அந்த இருபதில் ஒரே பக்கம் முட்டிக்கொண்டு இருக்காமல், இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். தடுக்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும். மூவுக்கு 30 நொடி மட்டுமே கூடுகிற ஆட்டத்தில் அந்த யோசனைக்கு நேரம் போதாது.

பயிற்சிக்கு, லிசெஸ் தளத்தில் போர்ட் எடிட்டரைத் திறந்து மேலே சொன்ன நிலையை வைத்து, அங்கிருந்து கம்ப்யூட்டரோடு ஆடுங்கள். அது யானையை ஈ1, ஈ3 என்று மாற்றி மாற்றி வைக்கும்படி எதிரி யானையின் தொடக்க இடத்தை நீங்களே மாற்றிக்கொண்டு பழகுங்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே இருக்கும் டேபிள்பேஸைத் திறந்தால் ஒவ்வொரு மூவும் வெற்றியா டிராவா என்று காட்டிவிடும், ஏழு காய் வரைக்கும் அதில் முழு விடை இருக்கிறது. ஆனால் அதை முதலிலேயே திறக்காதீர்கள். எதிரி யானை எந்த வரிசையில் நிற்கிறது, அதனால் டி7 செக்கா, பிஷப் பி3-ஆ, சும்மா மூவா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகு திறந்து சரிபாருங்கள். டி ஃபைலில் கை பழகியதும் நிலையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி ஈ ஃபைலில், கறுப்புக் கட்டப் பிஷப்பை வைத்து, மறுபடி முதலிலிருந்து ஆடுங்கள்.